சுமைத் தொய்வு: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

மின்வழங்கியில் (அடாப்டர் போன்றது) சுமை ஏற்றியதும், அதாவது மின்னோட்டம் இழுக்கும் கருவியை இணைத்ததும், வெளியீட்டு மின்னழுத்தம் இறங்குகிறதே, அதற்கு 'மின்னழுத்த வீழ்ச்சி' வேண்டாம். மின்தடையின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. ஒரே செய்முறைத் தாளில் இரண்டும் வந்தால் படிக்கிற பிள்ளைகள்தான் குழம்புவார்கள். 'சுமைத் தொய்வு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

இந்த வாரம் எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளக்கின் துளைக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் தொட்டால் 12.3 காட்டுகிறது. பலர் 'அடாப்டர் நல்லாத்தான் இருக்கு' என்று முடித்துவிடுவது இங்கேதான். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம், அது இழுப்பது ஏறக்குறைய 1.2 மைக்ரோஆம்பியர், அவ்வளவு சிறிய சுமையில் எந்த நோஞ்சான் அடாப்டரும் நிமிர்ந்து நிற்கும். சிம் லிம் டவர் மின்னணுக் கடையில் வாங்கிய 12 ஓம், 25 வாட் மின்தடையைக் குறுக்கே இணைத்ததும் (கைபடாமல் வையுங்கள், 12 வாட் வரை வரும் சூடு சுட்டுவிடும்) 9.8க்கு வந்துவிட்டது. பெரும்பாலும் உள்ளே மின்தேக்கி காய்ந்துபோயிருக்கும். அதற்காக மூடியைத் திறக்காதீர்கள், 230 வோல்ட் பக்கத்து மின்தேக்கி பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கலாம்.

அந்த 2.5 வோல்ட்டுக்குத்தான் பெயர் கேட்கிறேன். ஈரப் போர்வையைப் போட்டால் கொடிக்கயிறு தொய்கிறது, எடுத்தால் மேலே வருகிறது, இங்கேயும் அதேதான். வினையாகவும் வளைகிறது: '12 ஓம் சுமையில் 9.8க்குத் தொய்ந்தது'.

'அழுத்தக் குறைபாடு' என்று சொன்ன நண்பருக்கு: குறைபாடு என்றாலே பழுது என்ற எண்ணம் வந்துவிடும். சீராக்கி (வெளியீட்டு அழுத்தத்தை நிலையாக வைக்கும் பகுதி) இல்லாத பழைய மின்மாற்றி அடாப்டர் சுமை இல்லாமல் 16 வோல்ட் காட்டிவிட்டு முழுச் சுமையில் 12க்கு இறங்கும், அது பழுதே இல்லை. பல கணினி மின்வழங்கிகளில் 12 வோல்ட் வெளியீட்டுத் தடம் 11.4க்குக் கீழே போனால்தான் பழுது. எவ்வளவு தொய்ந்தது என்பது அளவு, பழுதா இல்லையா என்பது அப்புறம் எடுக்கும் முடிவு, சொல் இரண்டையும் கலக்கக் கூடாது.

சுமை இல்லாதபோது காட்டும் அழுத்தத்துக்கு 'வெற்றழுத்தம்' என்றால் அது வெற்றிடத்தை நினைவூட்டுகிறது, அதனால் 'சுமையில்லா மின்னழுத்தம்' என்றே இருக்கட்டும்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு, அதை வைத்து ஒரு வாக்கியமும் சேர்த்து.