மதுரை வெயிலில் நைட்ரஸ் பாட்டிலை டிக்கியில் வைக்கலாமா?

திருமங்கலத்தான்:
பழைய ஹோண்டா சிட்டி வீடெக் வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு வெட் நைட்ரஸ் கிட் (எஞ்சின் சக்தியைக் கூட்ட நைட்ரஸ் ஆக்சைடு கேஸையும் கூடவே பெட்ரோலையும் பாய்ச்சுவது) கிடைத்தது, 50 ஹெச்பி கூட்டும் ஜெட் (பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை), 10 பவுண்டு பாட்டில். ரிங் ரோட்டில் ஓட்டும் எண்ணமே இல்லை, கோவை கரி ரேஸ் ட்ராக்கில் அனுமதி கேட்டுவிட்டு அங்கே மட்டும்தான். ஆனால் மே மாத வெயிலில் நாலு மணி நேரம் டிக்கியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். இந்த கேஸ் எரியாது என்கிறார்கள், அப்படியென்றால் பயமில்லைதானே?

மாட்டுத்தாவணி மெக்கானிக்:
தம்பி, அது தானாக எரியாது, ஆனால் மற்றதை எரிய வைக்கும். எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம், நைட்ரஸில் 36. உங்கள் பிரச்சினை அதைவிட வெயில்தான். 36.4 டிகிரிக்கு மேல் போனால் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது, அதற்கப்புறம் பிரஷர் விறுவிறுவென்று ஏறும். நம்மூரில் மே மாதம் நிழலிலேயே 40 டிகிரி, மூடிய டிக்கிக்குள் கேட்கவே வேண்டாம். குளிர் நாட்டுக்காரர்கள் பாட்டிலுக்கு ஹீட்டர் கட்டுகிறார்கள், நமக்கு ஈரச் சாக்குதான் வேண்டும்.

ஜெட்டெல்லாம் 900, 950 பிஎஸ்ஐ பாட்டில் பிரஷருக்குக் கணக்குப் போட்டது. பிரஷர் ஏறினால் நைட்ரஸ் கூடுதலாகப் பாயும், பெட்ரோல் அதே அளவுதான் வரும், கலவை லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். அப்படி ஓடிய ஒரு எஞ்சினை என் கையால் பிரித்திருக்கிறேன். பிஸ்டன் ஓரம் மெழுகு வழிந்த மாதிரி இருந்தது, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அலுமினியம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. அந்தப் பையன் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

கியர்பாக்ஸ் பித்தன்:
அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) 2 டிகிரி பின்னால் வையுங்கள், பிளக் ஒரு படி கோல்டு (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் ரகம்). விண்டோ சுவிட்ச் (குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டும் நைட்ரஸை விடுவது) இல்லாமல் நைட்ரஸ் அடிக்கவே கூடாது: 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே அடித்தால் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) பெட்ரோல் தேங்கி பேக்ஃபயர் ஆகும், மேலே ரெவ் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும்போது நைட்ரஸ் மட்டும் பாய்ந்துகொண்டிருக்கும். பெட்ரோல் பிரஷர் குறைந்தால் தானாகவே நிறுத்தும் சுவிட்சும் போடுங்கள், 50 ஷாட்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

பாட்டில் வால்வில் ஒரு சேஃப்டி டிஸ்க் இருக்கும், பெரும்பாலும் 3000 பிஎஸ்ஐ-யில் கிழியும். அதிலிருந்து வண்டிக்கு வெளியே போகும் ட்யூப் இருக்கிறதா? இல்லையென்றால் மொத்த கேஸும் பின்சீட் வழியாக உங்கள் மேல்தான் வரும். மூடிய வண்டிக்குள் மூச்சு விடக் காற்று மிஞ்சாது.

திருமங்கலத்தான்:
ட்யூப் இல்லை அண்ணே. இப்போதுதான் போய் கேஜ் பார்த்தேன், வேப்பமர நிழலில் நிற்கிற வண்டி, 1300 பிஎஸ்ஐ காட்டுகிறது. பாட்டிலைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடட்டுமா?

மாட்டுத்தாவணி மெக்கானிக்:
கழற்றுங்கள், ஆனால் பூட்டிய அறைக்குள் வேண்டாம். முதலில் பாட்டில் வால்வை இறுக்கி மூடி, லைனில் இருப்பதைப் பர்ஜ் செய்துவிட்டு (வெளியே விட்டுவிட்டு) நட்டைத் தளர்த்துங்கள், திரவம் கையில் பட்டால் வெந்ததுபோல் ஆகிவிடும். காற்றோட்டமான திண்ணை நிழலில் நிறுத்திச் சங்கிலி போடுங்கள். அப்புறம் தராசில் வையுங்கள், கேஜ் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்லாது. காலிப் பாட்டில் எடையைக் கழித்து நாலரை கிலோவுக்கு மேல் இருந்தால் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறார்கள். என்ன எடை என்று சொல்லுங்கள்.