மும்பை மாநகராட்சி வார்டு எல்லை ஆட்சேபனை: எது எடுபடும், எது எடுபடாது (பேசுபவர்களுக்கு அவரவர் பகுதியின் பெயர்)

சயான் கோலிவாடா:
வார்டு எல்லை வரைவை எதிர்த்து மனு எழுதும் முன் கணக்கைப் பாருங்கள். மும்பையில் 227 வார்டு, 2011 கணக்கெடுப்பில் 1,24,42,373 பேர். வகுத்தால் 54,812. பத்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம்: ஏறக்குறைய 49,330 முதல் 60,290 வரை. அதற்குள் இருக்கிற வார்டைப் பெரிது என்று புகார் சொல்லிப் பயனில்லை. ‘சால் (பழைய வரிசை வீடுகள்) போய் டவர் வந்துவிட்டது’ என்ற வாதமும் நிற்காது. 2025 எல்லை வரையறையும் 2011 எண்ணை வைத்துத்தான் நடந்தது; இடித்த வீட்டின் ஆட்கள் காகிதத்தில் அங்கேயே குடியிருக்கிறார்கள்!

தொண்ணூறடி ரோடு:
நிற்பது பிளாக் நம்பர் மட்டும்தான். கணக்கெடுப்புக்காக ஊரைப் பிரித்த சிறு பகுதிதான் பிளாக்; ஒன்றில் சராசரி 600, 650 பேர். அப்படி எண்பது, தொண்ணூறு பிளாக் சேர்ந்தால் ஒரு வார்டு. பிளாக்கை உடைக்கக் கூடாது. அதனால் ‘எங்கள் தெருவைப் பிரித்துவிட்டார்கள்’ என்று மொட்டையாக எழுத வேண்டாம். எந்த பிளாக், எந்த வார்டிலிருந்து எதற்கு, மாற்றிய பின் இரண்டு வார்டிலும் எத்தனை பேர், புது எல்லை ரோடா, நாலாவா (பெரிய சாக்கடைக் கால்வாய்), ரயில் பாதையா என்று எழுதி வரைபடத்தில் கோடு போட்டு இணையுங்கள். பெரும்பாலான மனு தோற்பது இரண்டாவது வார்டில்தான். நம் பக்கம் சரியாகும், பக்கத்து வார்டு 49,330க்குக் கீழே போய்விடும்.

இன்னொரு குழப்பம்: ஜி-நார்த், எஃப்-நார்த் எல்லாம் நிர்வாக வார்டு. கவுன்சிலர் வார்டுக்கு எண்தான். மனுவில் எழுத்தை மட்டும் போட்டால் எதைச் சொல்கிறீர்கள் என்றே தெரியாது.

ஆன்டாப் ஹில்:
நாள் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025ல் வரைவு ஆகஸ்ட் 22, மனுவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 4. பிளாக் வாரி மக்கள்தொகையை அதற்கு முன்பே எடுத்து வைத்திருப்பவர்தான் தப்பிப்பார்.

பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கும் வார்டு குலுக்கலில் வருவதில்லை. மக்கள்தொகையில் அவர்கள் பங்கு அதிகமுள்ள வார்டுகளிலிருந்து இறங்குவரிசையில் 15 எடுத்தார்கள். அதில் எது பெண்களுக்கு என்பதற்குத்தான் சீட்டு. அந்த 15இன் விளிம்பில் நிற்கும் வார்டில் இரண்டு பிளாக் இடம் மாறினாலே வரிசை புரளும். மனுவில் அந்தச் சதவீதத்தையும் போடுங்கள்.

தொண்ணூறடி ரோடு:
வாக்காளர் பட்டியல் வேறு கதை. அது சட்டமன்றத் தொகுதி வாக்காளர் பட்டியலை வார்டு வாரியாக வெட்டி எடுப்பது. எல்லை சரியாக இருந்தும் பெயர் பக்கத்து வார்டில் விழலாம். அதற்குத் தனி வரைவு, தனி மனு, தனிக் கெடு.