திகார் சிறையில் தண்டனைக் குறைப்பு: விவரம் அறிந்தவர்கள் உதவவும்

டெல்லித் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். ஏழாண்டுத் தண்டனை பெற்றுத் திகார் சிறையில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்காக இதை எழுதுகிறேன். அவன் செய்ததை நியாயப்படுத்த வரவில்லை. சட்டம் அனுமதிக்கும் சலுகை அவனுக்கு முறையாகக் கணக்கிடப்படுகிறதா என்று அறிவதே என் நோக்கம்.

விசாரணைக் கைதியாகக் கழித்த காலம் தண்டனையில் கழிக்கப்படுவது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் 468-ஆம் பிரிவிலும் உள்ள ஏற்பாடு. நன்னடத்தைக்கும் வேலைக்கும் கிடைக்கும் குறைப்போ தனி. அது சிறை விதிகளின்படி வருவது. (குறைந்தது 14 ஆண்டு சிறையில் இருந்தால்தான் விடுதலை என்று ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கு, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர்களுக்கும், மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டவர்களுக்குமே பொருந்தும், சித்தியிடம் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

அவன் சிறைத் தொழிற்கூடத்தில் வேலை செய்துகொண்டே, அங்குள்ள இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மையத்தின் வழியாகப் பட்டப்படிப்பும் படிக்கிறான். தேர்ச்சி பெற்றால் கூடுதல் குறைப்பு உண்டா? இதுவரை சேர்ந்த நாட்களின் கணக்கை எழுத்தில் பெற யாரிடம், எந்த வடிவில் விண்ணப்பிக்க வேண்டும்? காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால் அதற்கும் முயல்கிறோம். ஆனாலும் சித்திக்கு இந்தி தெரியாது, ஆகவே தமிழில் பேசக்கூடிய வழக்கறிஞர் எவரேனும் இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.