புதுப்பிப்பு: பின் படகின் ஜெனரேட்டர் சத்தம்

இங்கிலாந்துக் கால்வாயில் என் படகுக்குப் பின்னால் நிற்பவர் இரவு பத்து மணிக்கும் ஜெனரேட்டர் ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தேன். இரவு 8 முதல் காலை 8 வரை ஓட்டக்கூடாது என்பது இங்குள்ள விதி. பலர் புகார் கொடுக்கச் சொன்னீர்கள். எனக்கு மனசு வரவில்லை, நேரில் பேசினேன்.

வேலை முடிந்து அவர் வருவதே ஏழரைக்கு. குளிர்காலத்தில் சோலாரில் பெரிதாக ஒன்றும் ஏறாது. பேட்டரியைத் திறந்து பார்த்தோம்: டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தது, தண்ணீர் தகட்டுக்கும் கீழே. எவ்வளவு ஏற்றினாலும் எப்படி நிற்கும்? இப்போது புதிது போட்டுவிட்டார். காலை எட்டுக்கு மேல் நானே ஜெனரேட்டரைப் போட்டுவிடுகிறேன்.

அப்புறம், வேகமாகப் போகும் படகுகள், நிற்கும் படகைக் கட்டக் கரையில் அடித்திருக்கும் கட்டுமுளையைப் பிடுங்கிவிடும் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. மணிக்கு 4 மைல் என்பது உச்ச வரம்பு. கட்டி நிற்கும் படகைத் தாண்டும்போது அதிலும் நன்றாகக் குறையுங்கள், தயவுசெய்து.