கண்டிஷனிங்: 'மூச்சாற்றல்' பொருந்துமா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் கலைச்சொல் குழுவினருக்கும் வணக்கம்.

எடை தூக்குவோருக்கான கையேட்டில் 'கார்டியோ கண்டிஷனிங்' (நடை, சைக்கிள் போன்றவற்றால் இதயத்தைப் பழக்கி, களைப்பிலிருந்து விரைவில் மீளச் செய்வது) வரும் இடங்களுக்குத் தாங்கள் முன்மொழிந்த 'இதயப் பதப்படுத்தல்' எனக்கு ஒப்பவில்லை. பதப்படுத்தல் என்றதும் எங்கள் குளச்சல் பக்கத்தில் மீன்தான் நினைவுக்கு வரும்.

தக்கலையில் நான் செல்லும் ஜிம்மில் ஓர் இளைஞர் 100 கிலோ ஸ்குவாட்டை (கம்பியைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது) 5 முறை எடுக்கிறார். பிறகு கம்பியை ரேக்கில் வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றி ஏழெட்டு நிமிடம் மூச்சு வாங்குகிறார். அவருக்கு வலுவில் குறைவில்லை, மீளும் வேகத்தில்தான் குறைவு. சில விநாடிகளே நீளும் கடும் தூக்கலுக்குத் தசையில் இருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற உடனடி ஆற்றல் சேமிப்பு செலவாகிறது. அது திரும்ப நிரம்ப ஆக்சிஜன் வேண்டும், அதைக் குருதி வழியே அனுப்புவது இதயம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், பேச்சு தடைபடாத வேகத்தில் 30 அல்லது 40 நிமிடம் நடந்தாலோ சைக்கிள் மிதித்தாலோ, நாளடைவில் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் செலுத்தும் குருதியின் அளவு கூடுகிறது. தசையில் தந்துகிகள் என்ற நுண்ணிய குருதிக் குழாய்களும், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் ஆக்கும் மைட்டோகாண்டிரியாவும் பெருகுகின்றன. ஆகவே ஓட்டக்காரர்களுக்கு நாம் வைத்த 'தாங்குதிறன்' இங்கே பாதிப் பொருளையே தரும், விரைவில் மீள்வது அதில் இல்லை.

முதலில் 'இளைப்பாறுதிறன்' என்று எழுதிப் பார்த்தேன். இளைப்பாறுதல் எங்கள் மாவட்டத்துத் தேவாலயச் சுவர்களில் அன்றாடம் கண்ணில் படும் சொல். பாரம் சுமப்போரோடு சேர்ந்தே வருவது. ஆனால் இதைக் கேட்டதும் அந்த இளைஞர், "அண்ணே, கார்டியோ பண்ணினா உடம்பு இளைச்சுப் போவும்லா, பேரிலயே அது இருக்கே!" என்றார். அந்த அச்சத்திலும் சிறிது நியாயம் உண்டு. 1980இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்வில், எடைப் பயிற்சி, தாங்குதிறன் பயிற்சி இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் வலிமை, 10 வாரங்களில் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் ஏற்றம் நின்று இறங்கவும் செய்தது. ஆனால் அவர்கள் வாரத்தில் 6 நாள் கடுமையாக ஓடியும் சைக்கிள் மிதித்தும் வந்தவர்கள். போதாக்குறைக்கு, யாழ்ப்பாணத்து உறுப்பினர்களுக்கு 'இளைப்பாறியவர்' என்றால் பணி ஓய்வு பெற்றவர்.

ஜிம்மில் எல்லோரும் சொல்வது 'தம்'. நல்ல சொல்தான், ஆனால் 'தம் போடு' என்று அச்சிட்டால் வாசகர் வெளியே போய்ப் பற்றவைத்துவிடுவார். எனவே 'மூச்சாற்றல்' என்று முன்மொழிகிறேன். ஆற்றல் வலிமையைச் சுட்டும். சூடான பாலை ஆற்றுவது போல, வாங்கும் மூச்சை ஆற்றித் தணிக்கும் வினையும் அதற்குள் கேட்கிறது.

பணிவுடன்,
தக்கலையிலிருந்து

*

அன்புடையீர்,

பதப்படுத்தலை மீட்டுக்கொள்கிறேன், மீனை நான் யோசிக்கவில்லை. ஒரு தடை மட்டும் உண்டு. மூச்சு என்றால் வாசகர் நுரையீரலை நினைப்பார். உடல்நலமுள்ளவருக்குத் தடை பெரும்பாலும் நுரையீரலில் இல்லை, இதயம் செலுத்தும் குருதியின் அளவில்தான் இருக்கிறது. ஆயினும் பயிற்சி செய்பவர் உணர்வது மூச்சைத்தான் என்பதால், பொதுப் பகுதிகளில் 'மூச்சாற்றல்' நிற்கட்டும். உடலியல் பேசும் இயலில் மட்டும் 'இதயநாளத் திறன்' என்று எழுதுவோம். மூன்றாம் இயலில் ஒரு வரியில் இட்டுப் பார்த்தேன்: "காலுக்கு எடை தூக்கும் நாளில், மூச்சாற்றல் பயிற்சியைத் தூக்கலுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்." உறுத்தவில்லை.