மறு: "எத்திக்கல் யூஸ் ஒஃப் பவர்" – வலுநெறி எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தாதியருக்கான முகாமைத்துவப் பாடக் குறிப்பை நம் மலையகப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வைத்தியசாலையில் முகாமையாளராக இருப்பவர் தன் கையிலுள்ள அதிகாரத்தை அறத்தோடு பயன்படுத்துவதற்கு ஒரு சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பரிந்துரைகள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. என் கருத்தைச் சொல்கிறேன்.

"அறவழி அதிகாரப் பயன்பாடு" பிழையில்லை. ஆனால் அது விளக்கமாகத்தான் நிற்கிறது. பரீட்சைத் தாளில் எழுதலாம், வார்டில் நின்று ஒருவரிடம் சொல்ல வராது. "பொறுப்பாட்சி" காதுக்குப் பழக்கம்தான். பொறுப்பு வைத்திய அதிகாரி, பொறுப்புத் தாதி என்று பதவிப் பெயரிலேயே பொறுப்பு இருக்கிறது. ஆனால் ஆட்சி என்றதும் அரசாங்கம் வந்து நிற்கிறது. விட்டுவிடலாம். "அதிகார நற்பிரயோகம்" பற்றிக் கீழே சொல்கிறேன்.

"செங்கோன்மை" பற்றிக் கண்டி அன்பர் அழகாக எழுதியிருந்தார். குறளின் 55ஆம் அதிகாரம் அது. அடுத்தது கொடுங்கோன்மை, அதற்கடுத்தது வெருவந்த செய்யாமை. கீழே உள்ளவர் அஞ்சி நடுங்கும்படி நடக்காமை முகாமையாளருக்கு எவ்வளவு பொருத்தம் என்று கேட்டிருந்தார். பொருத்தம்தான். ஆனால் செங்கோன்மையில் ஓர் அரசன் இருக்கிறான், அவனை அண்ணாந்து பார்க்கும் குடிகள் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துச் சனம் தலைமுறை தலைமுறையாக "நல்ல துரை (தோட்ட முகாமையாளர்) வந்தால் நல்லது நடக்கும்" என்று காத்துக் கிடந்த சனம். இன்றைக்கும் புது டொக்டர் ஒருவர் வந்தால் "ஆள் எப்படி, நல்லவரா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் தேடும் சொல் ஆளின் நல்ல மனசில் தொங்கக் கூடாது. நல்லவர் மாற்றலாகிப் போன பிறகும் நிற்கிற ஓர் ஒழுங்கை அது குறிக்க வேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரியைப் பாருங்கள். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளியின் நோயைக் கவனிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. டிஸ்பென்சரியில் இருக்கும் தோட்ட மருத்துவ உதவியாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் நிர்வாகம்தான். காய்ச்சலோடு ஒரு பெண் விடியற்காலையில் வந்து நிற்கிறாள். உதவியாளர் சுகமில்லை என்று துண்டு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு மலையில் கொழுந்தெடுக்க ஓர் ஆள் குறைவு. எழுதாவிட்டால் அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும், இல்லையென்றால் சொல்லாமல் நின்றவள் ஆகிவிடுவாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற கைதான் செக்ரோலுக்கும், அதாவது தோட்டத்து வேலை வரவுப் பதிவேட்டுக்கும், பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுராத்திரி டோர்ச் லைட்டோடு லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) வந்து பிரசவம் பார்த்த உதவியாளர்களை மலையகம் மறக்கவில்லை. அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், அவர்களுடைய நாற்காலி போடப்பட்டிருந்தது நோயாளிக்கும் துரைக்கும் நடுவில். 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்று வருகிறது. ஏற்கப்படாத இடங்களில் இந்த நெருக்கடி அப்படியே கிடக்கிறது.

அரச பக்கம் வந்தால் வேறு மாதிரி. எனக்கு நேரே தெரிந்த ஒரு வைத்தியசாலையில் கடமைப் பட்டியலைப் பென்சிலில்தான் எழுதுவார்கள். அவசரத்துக்கு மாற்ற வசதி என்று காரணம். மருந்து இருப்பில் குறை இருக்கிறது என்று கூட்டத்தில் எழுந்து சொன்ன ஒரு தாதியின் பெயர், அடுத்த மாதப் பட்டியலில் கட்டம் மாறிப் போனது. தீபாவளிக்கு முதல் நாள் இரவுக் கடமை, தீபாவளி அன்றும் இரவுக் கடமை. மேலதிக நேரக் கட்டங்கள் வேறொருவருக்கு. அழிறப்பர் தேய்த்த இடத்தில் பழைய எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையைப் புரட்டினால், மீறப்பட்ட விதி இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பட்டியல் போடுவது பொறுப்பாளரின் வேலை. லஞ்சம் இல்லை, ஏச்சுப்பேச்சு இல்லை. துஷ்பிரயோகம் என்று முறைப்பாடு எழுதினால் நிற்காது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வார்டில் யாரும் மருந்து இருப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. கெடுதல் நோயாளிக்குத்தான்.

"நற்பிரயோகம்" என்ற சொல்லில் எனக்குள்ள தயக்கம் இங்கேதான் வருகிறது. துஷ்பிரயோகம் லயத்துப் பாட்டிக்கும் தெரிந்த சொல், அதனால் அதைத் திருப்பிப் போட்டது சுலபமாகப் பதியும். ஆனால் துஷ்பிரயோகம் நடக்காவிட்டால் நற்பிரயோகம் நடந்ததாகவே ஆகிவிடும். நடுவில் நடக்கும் இந்தப் பென்சில் வேலைக்கு அதில் இடமில்லை.

அப்புறம், "அதிகாரம்" என்ற சொல்லே போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மற்றவர் மேல் உள்ள பவர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஜோன் ஃபிரெஞ்ச், பேர்ட்ரம் ராவென் இருவரும் 1959இல் 5 அடிப்படைகள் சொன்னார்கள்: பதவி, வெகுமதி, தண்டனை, துறையறிவு, ஆள்மேல் உள்ள மதிப்பு. 1965இல் ராவென் தகவலையும் சேர்த்தார். நியமனக் கடிதத்தோடு வருவதைத்தான் நாம் அதிகாரம் என்கிறோம். மற்றவை அதற்குள் அடங்காது.

சத்திரசிகிச்சைக்கான சம்மதப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கிறார். தமிழ் தெரிந்த சிற்றூழியர் ஒருவர் "ஒன்னுமில்லம்மா, இதுல ஒரு ஒப்பம் வைங்க" என்கிறார். அவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த நிமிடம் அந்த அம்மாவின் உடம்பைப் பற்றிய முடிவு அவர் வாயில் இருக்கிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் 13ஆம் திருத்தத்திலேயே எழுதியாயிற்று. படிவத்தைத் தமிழில் அச்சடிக்கக் கேட்டு வாங்கி வைப்பதும், மொழிபெயர்க்க ஆளைப் போடுவதும் மேலே இருப்பவர் செய்ய வேண்டியது. அவர் செய்யாமல் சும்மா இருப்பதும் ஒரு பவர்தான், அதற்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: பாடசாலைப் பௌதிகவியலில் பவருக்கு வலு என்றுதான் படித்தோம். மின்வலு எல்லோருக்கும் தெரியும். அதிகாரத்தைப் பதவிக்கு விட்டுவிட்டு, எல்லா அடிப்படைகளையும் அடக்கும் பொதுச்சொல்லாக வலுவை வைத்துக்கொண்டு வலுநெறி என்று சொல்வோம். "இது வலுநெறிக்கு ஒத்துவருமா?" என்று கூட்டத்தில் கேட்கலாம். வலுநெறி மீறல், வலுநெறிக் கோவை என்று நீட்டலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவர் "திறன்" ஆகிவிடும். திறன்நெறி என்றால் பொருளே வேறு, அதனால் அங்குள்ள நண்பர்களுக்கும் இதுவே வசதி.

வரைவிலக்கணம் இப்படி: பதவியாலோ அறிவாலோ தகவலாலோ தன்னிடம் சேர்ந்த வலுவை, அதற்கு ஆட்படுபவரின் நலனுக்காக, காரணம் சொல்லி, கேள்விக்கு இடம் வைத்துப் பயன்படுத்தும் ஒழுங்கு.

பண்டாரவளையிலிருந்து

—

தங்கச்சிக்கு வணக்கம்.

வலுநெறியை எங்கள் வார்டில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு மின்சாரம் ஞாபகம் வந்தது, இன்னொரு பிள்ளைக்கு வலுக்கட்டாயம். இரண்டாவதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. நெறியைச் சொல்ல வந்த சொல்லில் பலவந்தத்தின் வாடை அடிக்கலாமா? அதிகாரநெறி என்றால் உடனே விளங்கும், யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. கேள்விக்கு இடம் வைத்து என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கேட்க இடம் எப்போதும் கிடைக்கும், தங்கச்சி. மாதாந்தக் கூட்டத்தில் "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்காத பொறுப்பாளர் இல்லை. கேட்ட பிறகுதான் பட்டியல் மாறும், கேட்ட பிறகுதான் வேறிடத்துக்குப் போகச் சொல்லும் இணைப்புக் கடிதம் வரும். உங்கள் பென்சில் கதையும் அதுதானே? அது வரைவிலக்கணத்தில் இல்லையே.

பதுளையிலிருந்து

—

அக்கா, வணக்கம்.

உங்கள் இரண்டாவது விடயத்தை அப்படியே சேர்க்கிறேன்: "கேள்விக்கு இடம் வைத்து, கேட்டவரைப் பழிவாங்காமல்." இந்த வரி வந்த பிறகு, பென்சில் பட்டியலை வலுநெறி மீறல் என்று நேராகவே எழுதலாம்.

வலுக்கட்டாயத்தின் வாடை பற்றி: வலுவில் அது இருக்கத்தான் செய்கிறது. முகாமையாளர் தன் கையில் இருப்பது என்ன என்று அறிந்து நடக்கவேண்டும் என்பதால் அந்த வாடை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறேன். அதிகாரநெறியையும் விடவில்லை. பதவியால் வருவதை மட்டும் பேசுகிற இடத்தில், அதாவது இடமாற்றம், விடுமுறை, ஒழுக்காற்று விசாரணை போன்றவற்றில், அதிகாரநெறி. படிவம், தகவல், மொழி, துறையறிவு எல்லாம் சேரும் இடத்தில் வலுநெறி. நோயாளர்களுக்காகச் சுவரில் ஒட்டும் அறிவித்தலில் இரண்டும் வேண்டாம். "உங்களுக்கு விளங்கும் மொழியில் காரணத்தைக் கேளுங்கள், கேட்டதற்காக உங்கள் சிகிச்சை குறையாது" என்று நேரடியாக எழுதிவிடலாம்.

5 அடிப்படைகளில் தண்டனை வழி வருவதற்குத் தண்டிப்பு வலு என்று போட்டிருக்கிறேன். ஆள்மேல் உள்ள மதிப்பால் வருவதற்கு மதிப்பு வலு என்று எழுதினால் விலை, பெறுமதி என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். நன்மதிப்பு வலு சரிவருமா? குறிப்பு அச்சுக்குப் போக முன் எழுதுங்கள்.

பண்டாரவளையிலிருந்து