புதுப்பிப்பு: கறிதோசை ஒட்டாம வந்துருச்சு

வீட்டு இரும்புக் கல்லுல கறிதோசை போட்டா அடி கருகுது, நடுவுல மாவாவே நிக்குது, திருப்பினா முட்டை ஒட்டிக்குதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன். நேத்து காலையில சரியா வந்துருச்சு.

பிரிட்ஜ்ல இருந்து எடுத்த மாவை அப்படியே ஊத்தினதுதான் முதல் தப்பு. இந்தத் தடவை 1 மணி நேரம் வெளியே வச்சேன். அடுத்தது தீ. கல்லு நல்லா காஞ்சதும் தண்ணி தெளிச்சு, நல்லெண்ணெயில தொட்ட பாதி வெங்காயத்தால தேய்ச்சு, அப்புறம் தீயைக் குறைச்சிட்டேன்.

மாவு 2 கரண்டி, ஊத்தப்பம் கனத்துக்கு, மெல்லிசா இழுக்காதீங்க. மேல ஓட்டை விழுந்து ஈரம் மங்கினதும் 1 முட்டையை அடிச்சு ஊத்தி, அது உறையுறதுக்குள்ள கொத்துக்கறியைத் தூவி லேசா அமுக்கணும். அப்பதான் கறியை முட்டை பிடிச்சுக்கும். கறி முதல் நாள் ராத்திரியே சுண்ட வதக்கினது, மதுரை நெல்பேட்டையில வாங்கினேன். கறி குழம்புப் பதமா இருந்தா முட்டையில பிடிச்சு நிக்காது.

மூடி போட்டு 2 நிமிஷம். ஓரம் தானா எழும்புற வரைக்கும் தோசைக்கரண்டியை வைக்கவே வைக்காதீங்க. திருப்பிப் போட்டு அரை நிமிஷம் போதும், மிளகுத்தூள் தூவி எடுத்துட்டேன்.

அப்பத்தா ஓரத்தைப் பிச்சு வாயில போட்டுட்டு, "இன்னொண்ணு ஊத்துய்யா"ன்னாங்க. வெங்காயம் தேய்க்கச் சொன்ன அக்காவுக்கு ரொம்ப நன்றி.